பதினாறு வருடம் ஹோட்டலில் இருந்தவர்

சுவிஸில் இருக்கும் மாமா சில மாதங்களுக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெண்கலத்தில் செய்த ஒரு வயதான மனிதர். முழங்காலோடு முடிகிற பழைய காலத்துக் காற்சட்டை போட்டிருக்கிறார். கதிரையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு எதையோ யோசித்தபடி இருக்கிறார். இந்த ஆள் யார், இவ்வளவு காசு இருந்தும் ஏன் ஒரு வீடு வாங்காமல் பதினாறு வருடம் ஹோட்டலில் கிடந்தார் என்று மாமா கேட்டிருந்தார். படித்த பிள்ளை நான், எனக்குத் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

மாமா 1980களின் கடைசியில் சுவிஸுக்குப் போனவர். ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் ஊர்களில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு சமையலறையில் நின்று, இப்போது ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர். சிலை இருக்கும் ஊர் மொந்த்ரே. முன்னால் ஏரி, பின்னால் திராட்சைத் தோட்டங்கள் ஏறிப்போகும் சரிவு, அதற்கு மேலே அல்ப்ஸ் மலை. நூறு வருடங்களுக்கும் மேலாக ஐரோப்பாவின் பணக்காரர்கள் ஓய்வெடுக்க வரும் இடம். அங்கே இருக்கும் ‘மொந்த்ரே பலஸ்’ என்ற பெரிய ஹோட்டலில் 1961 முதல் 1977 வரை குடியிருந்தவர்தான் சிலையில் இருப்பவர். பெயர் விளாடிமிர் நபகோவ். ரஷ்யாவில் பிறந்து, ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இருபதாம் நூற்றாண்டின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவராக எண்ணப்படுபவர்.

மாமாவின் கேள்வி சிலையைப் பற்றியது மட்டும் அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். எங்களுடைய குடும்பம் 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு எங்கள் காணி விடுவிக்கப்பட்டது. போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. அத்திவாரத்தின் ஒரு மூலையும் தூர்ந்த கிணறும் மட்டும் இருந்தன. அன்றிலிருந்து மாமா காசு அனுப்புகிறேன், வீட்டைக் கட்டு அக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மா கட்டவில்லை. பதினொரு வாடகை வீடுகளில் இருந்தவர், இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான் நபகோவின் கதையைத் தேடி வாசித்தேன். மாமாவுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நபகோவ் 1899 ஏப்ரலில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். நகரத்தில் மாளிகை வீடு, நகரத்துக்குத் தெற்கே வீரா என்ற கிராமத்தில் கோடைகால வீடு, அதைச் சுற்றிக் காடும் ஆறும். வேலைக்காரர்கள் பல பேர். ரஷ்யன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் சிறுவயதிலேயே பழக்கம். வீராவின் புல்வெளிகளில் ஏழு வயதில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம் சாகும்வரை விடவில்லை.

தகப்பனார் சட்ட அறிஞர், தாராளவாத அரசியல்வாதி. 1903இல் கிஷினேவ் நகரில் யூதர்கள் கொல்லப்பட்டபோது அதைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதியவர். சார் மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைத்ததை எதிர்த்து அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக 1908இல் மூன்று மாதம் சிறையில் இருந்தவர். 1916இல் தாய்மாமன் ஒருவர் இறந்து, பதினேழு வயது நபகோவுக்குப் பெரிய பண்ணையும் மாளிகையும் முதுசமாக வந்தன. அவற்றை அவர் வைத்திருந்தது ஒரு வருடம்தான். 1917இல் புரட்சி வந்தது.

குடும்பம் முதலில் கிரிமியாவுக்கு ஓடியது. கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் போனார்கள். எங்களில் எத்தனை பேர் இரண்டு உடுப்புப் பையோடு அப்படிப் போனோம் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1919 ஏப்ரலில் செஞ்சேனை செவஸ்தபோல் துறைமுகத்தை நெருங்கியபோது, உலர்ந்த பழங்கள் ஏற்றிய ஒரு சிறிய கிரேக்கக் கப்பலில் அவர்கள் ஏறினார்கள். கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் கப்பல் தட்டில் இருந்து தகப்பனோடு சதுரங்கம் ஆடியதை நபகோவ் பிறகு எழுதியிருக்கிறார். கப்பலின் பெயர் ‘நடேஷ்டா’. ரஷ்ய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் ரஷ்ய மண்ணை மிதிக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

தாயாரின் நகைகளை விற்ற காசு இங்கிலாந்தில் சில காலத்துக்கு உதவியது. நபகோவ் கேம்பிரிட்ஜில் படித்தார். குடும்பம் பெர்லினுக்குப் போனது. அந்த நாட்களில் பெர்லினில் இலட்சக்கணக்கான ரஷ்ய அகதிகள் இருந்தார்கள். ரஷ்யக் கடைகள், ரஷ்யப் பத்திரிகைகள், ரஷ்யப் பதிப்பகங்கள் எல்லாம் இருந்தன. இன்றைய லாச்சப்பலையோ ஸ்காபரோவையோ நினைத்துக்கொள்ளலாம். சொந்த ஊரில் இருந்த கட்சிச் சண்டைகளும் கூடவே வந்திருந்தன. 1922 மார்ச் 28ஆம் திகதி பெர்லினில் நடந்த ஒரு கூட்டத்தில், மேடையில் இருந்த இன்னொரு தலைவரைக் கொல்ல முடியாட்சி ஆதரவாளர்களான ரஷ்யர்கள் இருவர் துப்பாக்கியோடு பாய்ந்தார்கள். தடுக்கப்போன நபகோவின் தகப்பனார் சுடப்பட்டு இறந்தார். ஓடி வந்தது ஒரு தரப்புக்குப் பயந்து. கொன்றது வேறொரு தரப்பு. சொந்த மொழி பேசியவர்களே கொன்றார்கள்.

தாயார் பிராக் நகருக்குப் போய்விட்டார். நபகோவ் பெர்லினிலேயே தங்கினார். ஆங்கிலமும் டெனிஸும் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார். இரவில் ‘சிரின்’ என்ற புனைபெயரில் ரஷ்ய மொழியில் நாவல்கள் எழுதினார். 1925இல் வெராவைத் திருமணம் செய்தார். வெரா யூதப் பெண், அவரும் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து ஓடி வந்தவர். பெர்லினில் பதினைந்து வருடம் இருந்தும் நபகோவ் ஜேர்மன் மொழியை ஒழுங்காகப் பழகவில்லை. பழகினால் தன்னுடைய ரஷ்யன் கெட்டுவிடும் என்ற பயம். இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். அவருடைய பிரெஞ்சு இன்றைக்கும் சமையலறைப் பிரெஞ்சுதான்.

நாடில்லாதவர்களுக்காக அந்த நாட்களில் நான்சன் கடவுச்சீட்டு என்று ஒன்று இருந்தது. நோர்வேக்காரரான நான்சன் சர்வதேச சங்கத்தின் ஊடாக 1922இல் கொண்டுவந்தது. அதை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு எல்லையிலும் விசாவுக்கும் அனுமதிக்கும் அதிகாரிகளின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தத் தாளைப் பற்றி நபகோவ் வாழ்நாள் முழுவதும் கசப்போடுதான் எழுதினார். மாமாவும் பல வருடங்கள் எஃப் அனுமதியோடு இருந்தவர். தற்காலிகம் என்று எழுதப்பட்ட அட்டையை வருடா வருடம் புதுப்பிப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஹிட்லர் வந்த பிறகு பெர்லினில் யூத மனைவியோடு இருக்க முடியவில்லை. 1936இல் தகப்பனைக் கொன்ற இருவரில் ஒருவர் ரஷ்ய அகதிகளின் விவகாரங்களைக் கவனிக்கும் நாஜி அலுவலகத்தில் பதவிக்கு வந்தார். 1937இல் நபகோவும் வெராவும் சின்ன மகன் திமித்ரியும் பிரான்ஸுக்குப் போனார்கள். பாரிஸில் ஒற்றை அறை வீடு. மகன் விளையாட இடம் வேண்டுமே என்று நபகோவ் குளியலறைக்குள் இருந்து, சூட்கேஸ் ஒன்றை மேசையாக்கித் தன் முதலாவது ஆங்கில நாவலை எழுதினார். 1939இல் பிராக்கில் தாயார் இறந்தார். இறுதிச் சடங்குக்கு அவரால் போக முடியவில்லை.

1940 மே மாதம் ஜேர்மன் படைகள் பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது, யூத அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பு அவர்களைப் பாதிக் கட்டணத்தில் அமெரிக்கக் கப்பலில் ஏற்றிவிட்டது. முப்பத்தேழு வருடங்களுக்கு முன் கிஷினேவ் படுகொலையைக் கண்டித்து எழுதிய ஒருவரின் மகன் என்பதை அந்த அமைப்பில் இருந்தவர்கள் மறக்கவில்லை. தகப்பன் ஒரு காலம் வேறொரு சனத்துக்காகக் குரல்கொடுத்தது மகனின் உயிரைக் காத்தது. இந்தக் கதையில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்தது இந்த இடம்தான். அவர்களை ஏற்றிப்போன ‘ஷம்ப்லான்’ கப்பல் அடுத்த மாதமே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிவிட்டது.

எல்லோரும் தப்பவில்லை. தம்பி செர்கேய் ஐரோப்பாவில் நின்றுவிட்டார். நாஜிகள் அவரைப் பிடித்து நொயன்கம முகாமில் அடைத்தார்கள். 1945 சனவரியில், போர் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, அங்கே இறந்தார். சிறு வயதில் தம்பியோடு நெருக்கமாக இல்லாததை நபகோவ் வயதான காலத்தில் குற்ற உணர்வோடு எழுதினார். தம்பியைப் பற்றி எழுதுவதுதான் தனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம் என்றும் ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவில் அவர் இருபது வருடம் இருந்தார். ஹாவர்ட் நூதனசாலையில் வண்ணத்துப்பூச்சிகளை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்தார். 1945இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 1948 முதல் 1959 வரை கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிப்பித்தார். அங்கேயும் வீடு வாங்கவில்லை. விடுமுறையில் வெளியூர் போகும் பேராசிரியர்களின் வீடுகளை வாடகைக்கு எடுப்பார். அவர்கள் திரும்பி வந்ததும் அடுத்த வீட்டுக்குப் பெட்டி கட்டுவார். எங்கள் அம்மாவின் கணக்கைவிட அவருடைய கணக்கு அதிகம்.

1955இல் பாரிஸிலும் 1958இல் அமெரிக்காவிலும் வெளிவந்த ‘லொலிட்டா’ எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு சிறுமியைச் சீரழிக்கும் மனிதனின் வாயாலேயே அவனுடைய குற்றத்தைச் சொல்லும் நாவல் அது. சில நாடுகளில் தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் அதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை. ஆனால் அது பெருந்தொகையாக விற்றது, படமாகவும் வந்தது. அறுபது வயதில் அவர் முதல் தடவையாகச் சம்பள வேலையை விட்டார். நாற்பது வருடங்களுக்கு முன் இழந்த வசதி திரும்பி வந்தது. விரும்பினால் எங்கேயும் மாளிகை வாங்கியிருக்கலாம்.

வாங்காமல் 1961இல் மொந்த்ரே ஹோட்டலுக்குப் போனார். மகன் திமித்ரி இத்தாலியில் ஒப்பரா பாடப் பழகிக்கொண்டிருந்தார், அங்கிருந்து மிலான் கிட்ட. இருபது வருடங்களுக்கு மேல் காணாதிருந்த தங்கை எலெனா ஜெனீவாவில் வேலை செய்தார், ரயிலில் போய் வரலாம். பின்னால் இருந்த அல்ப்ஸில் வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. கொஞ்ச நாளைக்கு என்றுதான் போனார்கள். ஆறாம் மாடியில், ஏரியைப் பார்த்த அறைகள். காலையில் எழும்பி, நின்றபடியே எழுதும் சாய்வுமேசையில் பென்சிலால் சிறிய அட்டைகளில் எழுதுவார். வெரா அதைத் தட்டச்சு செய்வார், கடிதங்களுக்குப் பதில் போடுவார், பதிப்பகங்களோடு கணக்குப் பார்ப்பார். கார் ஓட்டுவதும் வெராதான், நபகோவ் கடைசிவரை ஓட்டப் பழகவில்லை. கோடை வந்தால் வலையோடு மலை ஏறுவார்கள். குளிர்காலத்தில் ஊர் அடங்கிவிடும். உல்லாசப் பயணிகள் போன பிறகும் அவர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள். கொஞ்ச நாள் பதினாறு வருடமாகியது.

ஏன் வீடு வாங்கவில்லை என்று பேட்டி எடுத்தவர்கள் பலர் கேட்டார்கள். சிறு வயதில் இருந்த அந்தச் சூழல் அப்படியே திரும்பக் கிடைத்தால் தவிர வேறு எதிலும் தனக்குத் திருப்தி வராது, அது எப்படியும் கிடைக்கப்போவதில்லை, பிறகு எதற்கு என்பது அவருடைய பதிலின் சாரம். இழந்த காணிக்கும் காசுக்கும் அவர் ஏங்கவில்லை. அவற்றுக்காகப் புரட்சியை வெறுத்த அகதிகளை அவர் ஏளனமாகத்தான் பார்த்தார். போன பிள்ளைப் பருவத்துக்குத்தான் ஏங்கினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நபகோவின் புலம்பெயர் வாழ்வும் எங்களுடையதும் ஒன்றல்ல. அவருக்கு மேசையில் சாப்பாடு வந்தது. அதே ஏரிக்கரையில் மாமா உருளைக்கிழங்கு உரித்தார். வீடு வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காசு இருந்தது. எங்களில் பலரிடம் கூரைத்தகடு வாங்கவே காசு இருக்கவில்லை. அவரை எங்களுடைய சனத்தின் கதைக்கு உவமையாக்க நான் வரவில்லை.

ஆனால் அந்த ஹோட்டல் அறையில் அவர் செய்த ஒரு வேலையை நான் மாமாவுக்கு விவரமாகச் சொன்னேன். தன்னுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிய நூலொன்றை அவர் 1951இல் வெளியிட்டிருந்தார். மொந்த்ரே வந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துத் திருத்தினார். ‘ஸ்பீக், மெமரி’ என்று இன்று எல்லோரும் வாசிப்பது அந்தத் திருத்திய நூல். சகோதரிகளும் உறவினர்களும் முதல் நூலை வாசித்துவிட்டு, இது பிழை, அது இப்படி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மற்றது, குடும்பக் காணிகளின் வரைபடம் ஒன்றையும் கையால் கீறிப் புத்தகத்தில் சேர்த்தார். ஆறு எங்கே, பாதை எங்கே, எந்த வீடு எந்தப் பக்கம் என்று. விட்டுவந்து ஐம்பது வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. வீராவில் இருந்த வீடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிந்துவிட்டது. வரைபடத்தில் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

1975இல் டாவோஸ் மலையில் வண்ணத்துப்பூச்சி பிடிக்கப்போய்ச் சரிவில் விழுந்தார். எழும்ப முடியாமல் கையசைத்தபோது, மேலே கேபிள் காரில் போனவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு உடம்பு தேறவில்லை. 1977 யூலை 2ஆம் திகதி லோசான் மருத்துவமனையில் இறந்தார். மொந்த்ரேக்குப் பக்கத்தில் கிளாரன்ஸ் சேமக்காலையில் அவருடைய சாம்பல் இருக்கிறது. 1991இல் வெராவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

சோவியத் ஒன்றியத்தில் அவருடைய புத்தகங்கள் தடை செய்யப்பட்டிருந்தன. 1986இல் முதல் தடவையாக ஒரு சிறு பகுதி அங்கே அச்சானது. அதைப் போட்டது ஒரு சதுரங்கச் சஞ்சிகை. அவர் பிறந்த பீற்றர்ஸ்பேர்க் வீடு 1998இல் அருங்காட்சியகமானது. நீலநிற வண்ணத்துப்பூச்சிகளின் ஒரு பிரிவு ஆசியாவிலிருந்து ஐந்து அலைகளாக அமெரிக்காவுக்குப் பெயர்ந்து வந்தது என்று 1945இல் அவர் எழுதியதை அக்காலத்தில் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. 2011இல் மரபணுச் சோதனை அவர் சொன்னது சரி என்று காட்டியது.

எல்லாம் கேட்டு முடித்த மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, அக்காவை வீடு கட்டச் சொல்லி இனிக் கரைச்சல்படுத்தவில்லை, ஆனால் வளவின் படத்தை மட்டும் கீறி வை என்றார்.

அது வெறும் ஏக்கத்தில் சொன்னது அல்ல. எங்கள் பக்கம் காணிக்குத் திரும்பியவர்களுக்குத் தெரியும். வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. பனைகள் இல்லை, ஒழுங்கை எது என்று தெரியவில்லை. உறுதி கையில் இருந்தாலும் நான்கு எல்லையும் எங்கே என்று சொல்ல வயதானவர்கள்தான் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு கிணற்றடியும் கோயில் வீதியும் பக்கத்து வளவுக்காரரின் பெயரும் போகின்றன. வீடு கட்டுவதும் விடுவதும் அவரவர் முடிவு. படம் கீறுவதற்குக் காசு வேண்டாம்.

போன ஞாயிறு ஒரு கொப்பித்தாளை அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு பென்சிலை வாங்கிக் கிணற்றைக் கீறினார். கிணற்றிலிருந்து குசினி, குசினியிலிருந்து மாட்டுக்கொட்டில், வேலியோரம் மூன்று பனை. முப்பத்தைந்து வருடம் வாயே திறக்காதவர் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. பலா மரம் கிணற்றுக்குக் கிழக்கே நின்றது, அக்கா மேற்கே கீறியிருக்கிறார் என்றார் மாமா. அம்மா தொலைபேசியைப் பறித்து, மரத்துக்குத் தண்ணி ஊற்றினது நானோ நீயோ என்று கேட்டார்.

இன்னும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிறு பெரியம்மாவைக் கேட்கப் போகிறோம்.